போடியார் காரின் மூக்குத்தி

வலையிறவுப் பாலத்தடியில் பொலிஸ்காரர் கையைக் காட்டி மறித்தபோது சீனித்தம்பி பதறவில்லை. லைசன்ஸைக் கேட்பார், இன்ஷூரன்ஸைக் கேட்பார், பின் சீட்டில் படுத்துக் கிடக்கும் பெண்சாதி இலட்சுமிப்பிள்ளையைக் கண்டதும் போகச் சொல்லிவிடுவார். அதுதான் அந்தப் பாலத்தடியின் வழமை. அன்றைக்கு அவர் அதில் எதையும் கேட்கவில்லை. காரின் முன்னால் வந்து நின்று, பொனட்டின் மூக்கு நுனியில் ஒரு விரலை வைத்து, இதில் என்ன இருந்தது என்று கேட்டார்.

அதில் இரண்டு சின்னத் துளைகள் இருந்தன. ஒரு காலத்தில் அவற்றின்மேல் வெள்ளியாய் மினுங்கும் ஏதோ ஒரு மிருகம் இருந்தது. வீட்டில் அதை மூக்குத்தி என்பார்கள். சீனித்தம்பி அதைச் சொன்னார். பொலிஸ்காரர் இரக்கமான மனிதர். "அந்த மூக்குத்தி இல்லாம இனி ஓட ஏலா ஐயா. புதுச் சட்டம் வந்திரிக்கி," என்று சொல்லி ஒரு சுற்றுநிருபத்தைக் காட்டினார்.

சட்டம் எளிமையானது. ஐம்பது வயதைக் கடந்த வாகனங்கள் எல்லாம் இனி இரண்டே வகை. தொன்மை ஊர்திச் சபையின் சான்றிதழ் உள்ளவை மரபுரிமை. இல்லாதவை பழைய இரும்பு. தைப்பொங்கலுக்குள் எது எதுவென்று தெரிந்துவிட வேண்டும், அதுவரைக்கும் ஓடலாம். மனிதர்களுக்கு இப்படி ஒரு சட்டம் இன்னும் வரவில்லை என்பதில் சீனித்தம்பிக்குச் சற்று ஆறுதல் இருந்தது. அவர் ஐம்பதைத் தாண்டி வெகுகாலம்.

கார் அவருடையதும் அல்ல. பெல்கிரேவ் என்ற பெயரில் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, பதுளைப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் ஏறித் திரிந்து, அவர் நாட்டைவிட்டுப் போகும்போது உன்னிச்சைப் பக்கத்தில் வயல் வட்டைகள் வைத்திருந்த கந்தப்போடியாரிடம் விட்டுப்போன கார் அது. போடியார் அதை வீடு வளவோடு சேர்த்து மகளுக்குச் சீதனமாக எழுதினார். மகள் தன் மகள் இலட்சுமிப்பிள்ளைக்கு எழுதினார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். வீட்டு முற்றத்தில் நிற்பதால் காரும் பெண்ணுக்கு. சீனித்தம்பி அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். காருக்கும் அவர் மாப்பிள்ளைதான். ஓட்டலாம், கழுவலாம், சொந்தம் கொண்டாட ஏலாது.

இப்போது அந்தக் கார் ஒரேயொரு வேலையைத்தான் செய்தது. இலட்சுமிப்பிள்ளையின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, அவருடைய இரத்தத்தை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஒரு மெசின் கிழமைக்கு இரண்டு தரம் கழுவிக் கொடுத்தது. ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும், அடுத்த முறைக்கு ஆள் இருப்பாரா என்று வீட்டில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையிலிருந்து பஸ் உண்டு. பஸ்ஸில் இடமும் உண்டு, நிற்பதற்கு. ஓட்டோவும் உண்டு. ஆனால் மெசினில் இருந்து இறக்கிய உடம்பு இருந்து வராது, படுத்துத்தான் வரும். துரை நாய்களையும் துவக்குகளையும் ஏற்றிக்கொண்டு வேட்டைக்குப் போன அந்தப் பின் சீட் ஒரு சின்னக் கட்டில் அளவு. இலட்சுமிப்பிள்ளை அதில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, வலையிறவுப் பாலத்தில் காற்று மாறும்போது கண்ணைத் திறந்து, "வாவி வந்திட்டா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் கார் ஓடியது. மற்றபடி அதன் மரபு பற்றி யாரும் யோசித்ததில்லை.

*

தொன்மை ஊர்திச் சபையின் அலுவலகம் வாவியைப் பார்த்தபடி இருந்தது. கட்டடத்தைவிடப் பெயர்ப்பலகை சற்றுப் பெரிது. சபையின் தலைவர் கலாநிதி தவேந்திரராஜா. எதில் கலாநிதி என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய முகமும் அது அல்ல. அவர் வந்திறங்கும் வாகனம் அந்த வருடம்தான் நாட்டுக்குள் வந்தது. அதன் இருக்கைகளில் கடையில் சுற்றிய பொலித்தீன் இன்னும் கழற்றப்படவில்லை.

சீனித்தம்பி காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய், ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்தார். பெல்கிரேவின் சொந்த எஞ்சின் எப்போதோ செத்துப் போயிற்று. இப்போது உள்ளே இருப்பது ஜப்பான் வேன் ஒன்றின் எஞ்சின். இதைக் கேட்டால் சபை கோபிக்கும் என்று அவர் பயந்தார். தலைவர் கோபிக்கவில்லை. கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எஞ்சின் என்பது உள்விவகாரம். சபை எந்த ஊர்தியினதும் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை. ஒரு காரைக் கார் ஆக்குவது எது? அதன் சின்னம். அதன் ஓரப்பட்டி. அதன் சக்கரத் தொப்பி. எஞ்சினே இல்லாத ஊர்திகள் பல எங்களிடம் முதல்தரச் சான்றிதழ் பெற்றிருக்கின்றன. சின்னம் இல்லாத ஊர்தி ஒன்றுகூடப் பெறவில்லை."

"இது ஓடுற கார் ஐயா," என்றார் சீனித்தம்பி.

"அதுதான் எங்களுக்குச் சற்றுக் கவலையாக இருக்கிறது," என்றார் தலைவர்.

பிறகு சின்னம் காணாமற்போன வரலாறு விசாரிக்கப்பட்டது. விசாரித்தவர் இல்ஹாம். ஏறாவூர்ப் பொடியன், சின்னங்கள் மற்றும் ஓரப்பட்டிகள் உபகுழுவின் பரிசோதகர், சேட்டுப் பையில் பேனைக்குப் பதிலாகப் பூதக்கண்ணாடி வைத்திருப்பவர். சின்னம் எந்தத் திகதியில், எந்த அதிகாரியின் அனுமதியுடன் அகற்றப்பட்டது என்று அவர் கேட்டார். சண்டை நேரம் என்றார் சீனித்தம்பி. ஊர் முழுக்க வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடிற்று. காரை வைக்கோலுக்குள் மூடிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது வைக்கோலும் இருந்தது, காரும் இருந்தது, மூக்குத்தியும் பம்பரும் இருக்கவில்லை. யார் கழற்றியது என்று இல்ஹாம் கேட்டார். அந்த வருடம் அந்த முற்றத்தால் பலவிதமான சீருடைகள் போய் வந்தன. யார் எதைக் கழற்றினார்கள் என்று படுவான்கரையில் கேட்பதில்லை. கழற்றப்பட்டவற்றில் மூக்குத்திதான் சிறியது. தெரியாது என்றார்.

சபையின் படிவத்தில் இழப்புக்குக் காரணமாக மூன்று கட்டங்களே இருந்தன: துரு, விபத்து, உரிமையாளரின் கவனயீனம். இல்ஹாம் மேசையில் கிடந்த பேனையை எடுத்துக் கொஞ்ச நேரம் உருட்டினார். மறுகா, கவலையோடுதான், கவனயீனத்துக்கு நேரே புள்ளடி போட்டார்.

சின்னம் என்ன மிருகம் என்பதற்குப் படச் சான்று வேண்டும் என்றார்கள். படத்துக்குக் குறைவில்லை. போடியார் குடும்பத்தில் ஒரு கலியாணம், ஒரு சாமத்தியம், ஒரு மாமாங்கத் தீர்த்தம் அந்தக் கார் இல்லாமல் நடந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் படம் பிடித்திருந்தார்கள். இலட்சுமிப்பிள்ளை பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கொடுத்தார். சபை மேசைமேல் அவற்றைப் பரப்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. படம் பிடிக்குமுன் காருக்கு மாலை போடுவது வழக்கம். மாலை போட வசதியான இடம் மூக்குத்தி. அதன் கழுத்தில்தான் கொழுவுவார்கள். ஒவ்வொரு படத்திலும் மாப்பிள்ளை, பொம்பிளை, போடியாரின் தலைப்பாகை, வேலியால் எட்டிப் பார்த்த ஆடு எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன. மூக்குத்தி இருந்த இடத்தில் செவ்வந்தி மாலை. மேலே இரண்டு கூர்மையான நுனிகள் மட்டும்.

தலைவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். "இந்தப் பிரதேச மக்களிடம் ஆவணப்படுத்தலுக்கு எதிரான ஒரு மனப்பான்மை நெடுங்காலமாகவே இருக்கிறது," என்று குறிப்பெழுதச் சொன்னார்.

*

வேறு வழியில்லாமல் சீனித்தம்பி காத்தான்குடிக்குப் போனார். மஜீட் காக்கா பித்தளைச் சாமான் வார்த்து விற்பவர். குத்துவிளக்கு முதல் கதவுப் பிடி வரை அவரிடம் உண்டு. மிருகம் வார்த்ததில்லை. என்ன மிருகம் என்று கேட்டார். அது காதா கொம்பா என்பதில் வீட்டில் ஒத்த கருத்து இல்லை. இலட்சுமிப்பிள்ளை சின்ன வயதில் பொனட்டில் ஏறியிருந்து தடவியதாகவும் அது முயல் என்றும் சொல்லியிருந்தார். சீனித்தம்பி தன் கலியாணத்தன்று காரில் இருந்து இறங்கி முன்னால் வரும்போது வேட்டி தடக்கி அதைப் பிடித்துக்கொண்டவர். கையில் குத்தியது கொம்புதான், ஆகவே அது நாம்பன் கன்று என்பது அவர் கட்சி.

இதைப் போன் ஸ்பீக்கரில் போட்டு இருவரும் வாதாடியதை மஜீட் காக்கா பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு முடிவுக்கு வாங்க," என்றார் கடைசியில். "முயலுமில்லாம மாடுமில்லாம நான் எத வாக்கிற?"

"அவ சொல்லுறதும் செய்யத்தான் வேணும் காக்கா. கார் அவட."

"அப்ப காத மச்சிக்கி வைக்கிறன், மிச்சத்த உங்களுக்கு வைக்கிறன். குடும்பம் ஒண்டா இரிக்கணும்."

அப்படியே வார்த்தார். முயலின் காதும் நாம்பனின் முதுகும் கொண்ட அந்தப் பிராணி பொனட்டில் பூட்டப்பட்டபோது, அதன் முகத்தில் எங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்ற திகைப்பு இருந்தது. சீனித்தம்பிக்கு அதன்மேல் ஒரு பாசம் உண்டாயிற்று.

சபை அதை நிராகரித்தது. மிருகத்தின் இனம் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பூதக்கண்ணாடியால் பார்த்த இல்ஹாம் இது புதிது என்றார். தலைவர் சீனித்தம்பியை முன்னால் கதிரையில் இருத்தி, கோட்பாட்டைப் பொறுமையாக விளக்கினார். அசல் என்றால் பழையதாக இருக்க வேண்டும். பழையதாக இல்லாத அசல், போலிக்குச் சமன். பழையதாகத் தோன்றும் போலியைச் சபை அனுதாபத்துடன் பரிசீலிக்கும்.

ஆகவே பிராணியைப் பழையதாக்க வேண்டியிருந்தது. சீனித்தம்பி அதைச் சாக்கில் கட்டி, வாவிக்கரையில் கண்டல் மரத்தின் வேருக்கடியில் சேற்றுக்குள் புதைத்தார். தோணியில் வலை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்ன புதைக்கிறார் என்று கேட்கவில்லை. அந்தக் கரையில் புதைக்கப்பட்டவற்றைப் பற்றியும் கேட்கிற பழக்கம் கிடையாது. கொஞ்சக் காலம் கழித்துத் தோண்டியபோது பிராணி பச்சைக் களிம்பு பிடித்து, பார்க்கவே வயதாளியாகி இருந்தது. ஒரு காதுக்குள் நண்டுக்குஞ்சு ஒன்று குடியிருந்தது. அதை வெளியே எடுத்துவிட்டுச் சபைக்குக் கொண்டு போனார்.

மீண்டும் நிராகரித்தார்கள். களிம்பு நல்ல களிம்புதான், ஆனால் வாவிக் களிம்பு என்றார் தலைவர். இந்த ஊர்தி இங்கிலாந்தில் பிறந்தது. அதன் முதுமை இங்கிலாந்து மழையில் ஆரம்பித்திருக்க வேண்டும். மட்டக்களப்பு உப்புத் தண்ணீரில் முதுமையடைவது ஊர்தியின் கண்ணியத்துக்குப் பொருந்தாது. தன் தலைமயிர் எந்த நாட்டு மழையில் நரைத்தது என்று சீனித்தம்பி ஒருகணம் யோசித்தார். கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பூதக்கண்ணாடி வரும்.

*

பிறகு இல்ஹாம் உன்னிச்சைக்கே வந்து காரை நேரில் பரிசோதித்தார். அவருடன் இரண்டு கூலியாட்களும் ஒரு சின்ன லொறியும் வந்ததை ஏன் என்று ஆரம்பத்தில் யாரும் கேட்கவில்லை. கதவோரப் பட்டிகளைப் பார்த்தார். திருகாணித் தலைகளின் கோடுகள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்க வேண்டும், இங்கே ஒன்று தொப்பிகலைப் பக்கமும் மற்றது மட்டக்களப்புப் பக்கமும் பார்க்கின்றன என்று குறித்தார். இலட்சுமிப்பிள்ளை அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தனுப்பிவிட்டு விறாந்தையில் சாய்ந்திருந்தார். கடைசியாகப் பின் சீட்டைத் திறந்த இல்ஹாம் வெகுநேரம் எழும்பவில்லை. உள்ளே குதிரைமயிர் இருக்க வேண்டும், இருந்தது தென்னந்தும்பு. ஓரத் தையல் நூல் பழுப்பாக இருக்க வேண்டும், இருந்தது நீலம். ஆசனத்தைச் சபைக்குக் கொண்டுபோய் ஆராய வேண்டும் என்றார். கூலியாட்கள் வந்த காரணம் அப்போது விளங்கியது.

"தம்பி, அதிலதான் அவ படுத்து வாற," என்றார் சீனித்தம்பி.

"தலைவர் சேருக்கும் சொன்னன் ஐயா. படுக்கிறது ஆசனத்தின்ட வடிவமைப்புக்கு மாறான பாவனையாம். அதையும் எழுதச் சொன்னவர்."

இலட்சுமிப்பிள்ளை விறாந்தையில் இருந்தபடியே கேட்டார். "மனே, வெள்ளைக்காரன் குந்தின இடத்தில நான் படுத்தா உங்கட சேருக்கு எங்க நோகுதாம்?"

இல்ஹாமுக்குச் சிரிப்பு வந்தது. அதை அவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் விட்டு மறைத்தார். அவருக்கும் ஏறாவூரில் உம்மா இருந்தார். ஆனால் உபகுழுவில் அவர் ஒருவர்தான் வேலை நிரந்தரமாக்கப்படாதவர். சீட் லொறியில் ஏறியது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சீனித்தம்பி காரின் தரையில் பாயை விரித்து, தலைகணி வைத்து, இலட்சுமிப்பிள்ளையைக் கிடத்தினார். நடுவில் எஞ்சினில் இருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுக்காக ஒரு மேடு இருந்தது. அது சரியாக முதுகில் விழுந்தது. திரும்பி வரும்போது கல்லு றோட்டில் ஒவ்வொரு பள்ளம் கிடங்கிலும் அவர் மூச்சை அடக்கிக்கொண்டது முன்னால் கேட்டது. வாவி வந்துவிட்டதா என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தரையில் இருந்து தெரிந்திராது.

ஆசனத்தின் ஆய்வு எந்த மட்டில் இருக்கிறது என்று அறியச் சீனித்தம்பி சபைக்குப் போய் அலைந்தார். போகும்போதெல்லாம் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கும் அறையில் புதிதாக ஒரு இருக்கை போட்டிருந்தது. இரண்டாம் முறைதான் அதை அடையாளம் கண்டார், நீல நூல். சாய வேண்டாம், ஆய்வுக்குரிய பொருள் என்று சிப்பந்தி எச்சரித்தார். ஆகவே பெண்சாதியின் படுக்கையில், முதுகு படாமல், தலைவர் கூப்பிடும்வரை இருந்தார்.

*

மார்கழி பிறந்து பொங்கல் நெருங்கியபோது சபையின் முழு அமர்வுக்குக் கார் அழைக்கப்பட்டது. வாசலில் நிறுத்தி, சுற்றிக் கயிறு கட்டி, பச்சைப் பிராணியைக் கழற்றிச் சீனித்தம்பியின் கையில் கொடுத்தார்கள். பழைய இரும்புதான் என்று அவர் மனதில் முடிவாயிற்று. இல்ஹாம் பொனட்டின்மேல் கவிழ்ந்து பூதக்கண்ணாடியைப் பிடித்தார், தலைவரைக் கூப்பிட்டார், தலைவர் உறுப்பினர்களைக் கூப்பிட்டார். ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்து நிமிர்ந்தார்கள். நிமிர்ந்தவர்களின் முகம் சாமி கண்டவர்களுடையது போல இருந்தது.

தலைவர் அங்கேயே நின்று பேசினார்.

"இந்த ஊர்தியில் எஞ்சின் அசல் அல்ல. சக்கரம் அசல் அல்ல. ஆசனம் அசல் அல்ல. சின்னம் இல்லவே இல்லை. ஆனால் சின்னம் இருந்த இடம் இருக்கிறது. இந்த இரண்டு துளைகளும் தொழிற்சாலையில் இட்ட துளைகள். அவற்றின் புரிகள் அசல். நண்பர்களே, சின்னங்கள் உள்ள ஊர்திகள் எங்கும் உண்டு. அசல் சின்னம் இல்லாமற்போனதன் அசல் அடையாளம் இந்தத் தீவில் வேறெங்கும் இல்லை. இழப்பை இவ்வளவு நல்ல நிலையில் நான் பார்த்ததே இல்லை."

எல்லோரும் கைகொடுத்துக்கொண்டார்கள். சீனித்தம்பிக்கும் கொடுத்தார்கள். சான்றிதழ் அங்கேயே எழுதப்பட்டது: இரண்டு துளைகள், அசல், முதல்தரம்.

"அப்ப ஓடலாமா ஐயா?"

தலைவர் சிரித்தார். மரபுரிமை எங்காவது ஓடுமா என்று கேட்டார். ஓடினால் அதிரும்; அதிர்ந்தால் துளை பெருக்கும்; பெருத்தால் அது அசல் துளை அல்ல, வெறும் ஓட்டை. இன்றிலிருந்து ஊர்தி சபையின் பாதுகாப்பில் நிற்கும்.

சீனித்தம்பி எதையும் ஒழுங்காக யோசிக்கிறவர். விரலை மடித்து யோசித்தார். "சான்றிதழ் இல்லாட்டி இரும்பு. இரிந்தா ஓட ஏலா. அப்ப எந்தக் கார்தான் ஐயா ஓடும்?"

"நல்ல கேள்வி," என்றார் தலைவர். "அதற்கென்று ஓர் உபகுழு அமைக்கலாம்."

உபகுழுவை விட மெசின் முந்திக்கொள்ளும். நாளை மறுநாள் இலட்சுமிப்பிள்ளையின் முறை. சீனித்தம்பியின் வாயில் இருந்து அதற்குப் பிறகு வந்த யோசனை அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. துளை பொனட்டில்தானே இருக்கிறது. பொனட்டைக் கழற்றி எடுங்கள், மிச்சத்தை என்னிடம் தாருங்கள் என்றார்.

மறுகா உறுப்பினர்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். சபை ஊர்தியின் வயதைக் கணிப்பது சின்னத்தை வைத்து. சின்னத்துக்குரிய பொனட் இல்லாத ஊர்திக்கு ஆகவே வயது கிடையாது. வயது இல்லாதது ஐம்பதைக் கடக்க முடியாது. அது மரபுரிமையும் அல்ல, இரும்பும் அல்ல. சபைக்கு அதனுடன் உறவே இல்லை. தலைவர் சீனித்தம்பியின் தோளில் கை போட்டு, பொதுமக்களிடையே இப்படியான விழிப்புணர்வைத்தான் தாம் எதிர்பார்த்ததாகச் சொன்னார். ஒரேயொரு நிபந்தனை: அந்த இடத்தில் வேறெதையும் பூட்டக்கூடாது. தகரம் பூட்டினால் அது பொனட். பொனட் வந்தால் வயது வரும். வயது வந்தால் பரிசோதனை. சீட்டும் திரும்பக் கிடைத்தது. காத்திருக்கும் அறைக்கு வேறு இருக்கை வாங்க வேண்டும் என்று சிப்பந்தி முணுமுணுத்தார்.

எஞ்சின் வானத்தைப் பார்த்துக் கிடக்க, சீனித்தம்பி அன்றைக்கு வென்றவராகத்தான் வீடு திரும்பினார்.

*

வாடைக்காற்றோடு மழை இறங்கியது. எங்கள் பக்கத்து மார்கழி மழை அறிவித்துவிட்டு வருவதில்லை, வந்தால் விட்டுவிட்டுப் பெய்வதுமில்லை. எஞ்சினுக்கு மேல் கட்டிய பொலித்தீன் உன்னிச்சை தாண்டுமுன்பே சூட்டில் உருகிக் கருகியது. வவுணதீவில் றோட்டை மூடித் தண்ணீர் ஓடியது. சீனித்தம்பி இரண்டு இடத்தில் நிறுத்தி, சாரத்தின் தலைப்பால் பிளக் வயர்களைத் துடைத்துத் துடைத்துப் பாலத்தைக் கடந்துவிட்டார். பின் சீட்டில் இலட்சுமிப்பிள்ளைக்குக் கால் இரண்டும் ஏற்கெனவே வீங்கியிருந்தன; போன முறை உடம்பில் தேங்கிய தண்ணீர் முழுதாக வடியாமல் திரும்ப வேண்டியதாயிற்று. இந்த முறை கட்டாயம் வர வேண்டும், பிந்தினால் கட்டிலை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று தாதி சொல்லி அனுப்பியிருந்தார்.

எஞ்சின் இருமிற்று. உதறிற்று. வாவிக்கரை றோட்டில், தொன்மை ஊர்திச் சபையின் பெயர்ப்பலகைக்கு நேரே நின்றுவிட்டது.

சபையின் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். அன்றைக்குத்தான் காட்சிக்கூடத் திறப்பு. சீனித்தம்பி நனைந்த கோழியாக உள்ளே போனார். நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பொனட் நின்றது. இரண்டு துளைகளுக்கும் இரண்டு சின்ன விளக்குகள். சுற்றிலும் பிரமுகர்கள், காய்ந்த உடுப்போடு. அவர் தலைவரிடம் போய்க் காதோடு சொன்னார்: மழை விடும்வரை மட்டும், ஆஸ்பத்திரி வரை மட்டும், அந்தப் பொனட்டைத் தாருங்கள், சுகமாகத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறேன். தலைவருக்கு மேளச் சத்தத்தில் அது முழுதாக விழவில்லை. அன்பளிப்பாளர் மழையையும் பாராமல் வந்திருக்கிறார் என்று மட்டும் விளங்கிற்று. அவருடைய முழங்கையைப் பிடித்து மைக்குக்கு முன்னால் கொண்டு போய் நிறுத்தி, இரண்டு வார்த்தை பேசும்படி கேட்டார்.

சீனித்தம்பி மைக்கைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்.

"இது மழைக்கு எஞ்சின மூடுற தகரம்," என்றார். "என்ட பெண்சாதி வெளியில கிடக்கிறா. இதத் தந்தீங்கெண்டா அவ உசிரோட போய்ச் சேருவா. வேறொண்டும் வேணாம்."

முன்வரிசையில் ஒரு அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு யாரோ கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். தலைவர் மைக்கைத் திரும்ப எடுத்து, ஒரு சாதாரணப் பொருளுக்கும் வாழ்க்கைக்கும் இடையிலுள்ள உறவை இதைவிடக் கவித்துவமாகச் சொல்ல எந்த ஆய்வாளராலும் முடியாது என்றார். "இந்த வாசகம் கல்லில் பொறிக்கப்பட்டு இந்தப் பெட்டியின் அடியில் வைக்கப்படும்," என்று அறிவித்தார். இல்ஹாமை எழுதிக்கொள்ளச் சொன்னார். இல்ஹாம் எழுதவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறொருவர் எழுதினார்.

சீனித்தம்பி இன்னொரு தரம் வாயைத் திறந்தார். அதற்குள் நாதஸ்வரக்காரர் தொடங்கிவிட்டார்.

வெளியே மழை குறையவில்லை. அவர் காரின் கதவைத் திறந்தபோது இலட்சுமிப்பிள்ளை கண்ணை மூடியபடியே கேட்டார்.

"தந்தானுகளா?"

"கை தட்டினானுகள்."

அவர் கொஞ்ச நேரம் மூச்சை எடுத்து விட்டார். "எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

ஆஸ்பத்திரியில் இந்நேரம் அடுத்த பேரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும். சீனித்தம்பி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, கதவுச் சட்டத்துக்குத் தோளைக் கொடுத்து, காரை ஆஸ்பத்திரிப் பக்கமாகத் தள்ளத் தொடங்கினார்.